பெரிய டாக்டரின் வராந்தா

"நான் சொல்ற வரைக்கும் நடந்துக்கிட்டே இருங்க. வலிச்சா மட்டும் நில்லுங்க."

வாட்ச்மேன் தலையாட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் காக்கிச் சட்டையிலிருந்து ஓய்வு பெறாத மனிதர். சோதனையை நடத்துகிற அவள் நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கினாள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே நோயாளிகள் அவளுக்குக் கடிகாரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் நடந்தார். அட, என்ன நடை!

போன வருடம் இதே ஆள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மருந்துக் கடைவரை போவதற்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டவர். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. கத்தி வைத்துப் பிளக்காமல், தொடையோரம் ஒரு சின்னத் துளை போட்டு, மருந்து தடவிய பலூனை உள்ளே அனுப்பி அடைத்த இடத்தை விரித்துவிட்டார்கள்.

இந்தப் புதுப் பலூன் தேறுமா தேறாதா என்பதுதான் ஆய்வு. வலியில்லாமல் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். முதல் தடவை எங்கே நிற்கிறார்களோ, அங்கே கணக்கு முடிந்தது.

பெஞ்சில் அவர் மனைவி பாதத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை. சுண்டுவிரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஆய்வு தேறினால் அடுத்த கட்டத்தில் பலூன் வைக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். தேறாவிட்டால் பெரிய ஆபரேஷன்தான், அதற்கு அவள் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் இன்றைக்கு விரல், நாளைக்குப் பாதம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நடைச் சோதனை பின்பக்கத்து வராந்தாவில் நடந்தவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் மிச்சமில்லாமல் கடைசிவரை நடந்தார்கள். அப்போதுதான் பெரிய டாக்டர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். ஆய்வுகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று அங்கே பேசியிருக்கிறார்கள். மனுஷன் சும்மா இருப்பாரா? சோதனையைத் தன் அறைக்கு முன்னால் இருக்கிற வராந்தாவுக்கு மாற்றினார். வழவழவென்று புதுத் தரை, புது விளக்கு. ஒவ்வொரு சோதனையையும் நானே நேரில் பார்ப்பேன் என்றார். சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே தவறாமல் அறையைவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. தையல்காரர் பாதியில் நின்றார். லாரி ஓட்டுகிறவர் நின்றார். நேற்றுவரை பின்வராந்தாவில் விடுவிடென்று நடந்த டீச்சரம்மாகூட நின்றார். வலிக்கிறதா என்று பெரிய டாக்டர் கேட்பார். ஆமாம் என்பார்கள்.

மிச்சமிருந்தது வாட்ச்மேன் ஒருவர்தான்.

கடிகாரம்மா அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை அது. இழுப்பு இல்லை, நொண்டல் இல்லை. போங்க, போங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. யாரையும் உற்சாகப்படுத்தக் கூடாது என்று விதி. அடக்கிக்கொண்டாள்.

பாதங்கள் நின்றன.

அவள் கடிகாரத்தை நிறுத்தினாள்.

"என்னப்பா, வலிக்குதா?" பெரிய டாக்டரின் குரல்.

"ஆமாங்க ஐயா."

பெரிய டாக்டர் உச்சுக் கொட்டினார். இந்தப் பலூன் உதவாது, நாளைக்கே ஆய்வை மூடச் சொல்லிவிடுகிறேன் என்றார். இத்தனை மேற்பார்வையும் போதவில்லை, அடுத்த ஆய்வில் நோயாளிகளோடு கூடவே நடந்து வரப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் வாட்ச்மேனிடம் போனாள். அவர் அதற்குள் மனைவியைத் தாங்கித் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். மனைவியின் பாரம் முழுக்க அவர் இடது காலில்தான் இருந்தது, பலூன் வைத்த கால்.

"எங்க வலிச்சுது? காட்டுங்க."

"வலியா? எனக்கெங்கம்மா வலி!" வாட்ச்மேன் சிரித்தார். "அவ்வளவு பெரியவர் எதிர்ல வர்றாரு. நான் பாட்டுக்குக் கையை வீசிக்கிட்டு அவரைத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்? ஓரமா ஒதுங்கி நின்னேன்."

"அப்புறம் ஏன் வலிக்குதுன்னு சொன்னீங்க?"

"அவரே கேக்கறாரும்மா. இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"மரியாதை விஷயத்துல மட்டும் இவரைக் குறை சொல்லவே முடியாது" என்றாள் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு கட்டுப்போட்ட பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "எனக்கு எப்பம்மா பலூன் வெப்பாங்க?"

தையல்காரர், லாரி ஓட்டுகிறவர், டீச்சரம்மா. எல்லாரும் நின்ற இடத்தைக் கடிகாரம்மா நினைத்துப் பார்த்தாள். அத்தனை பேரும் சுவரோரமாகத்தான் நின்றிருக்கிறார்கள். இத்தனை நாளும் பாதத்தைப் பார்த்த நேரத்தில் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருக்கக் கூடாதா? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கொஞ்சம் இருங்க. இதோ வந்துட்டேன்."

அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவங்க வலியால நிக்கல சார், உங்களால நிக்கறாங்க. அவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு பொம்பளையின் கால் போகப்போகிறது.

கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

கதவு தானாகத் திறந்தது. பெரிய டாக்டர் பையும் சாவியுமாக வெளியே வந்தார்.

ஓங்கிய கை எப்போது இறங்கியது, இரண்டு கையும் எப்போது முன்னால் கட்டிக்கொண்டன, முதுகு எப்போது சுவரில் ஒட்டியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் நல்ல மனநிலையில் இருந்தார்போலிருக்கிறது. போகிற போக்கில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, வேகமா வந்துட்டு அப்படியே நின்னுட்டீங்க? உங்களுக்கும் கால்வலியா?"

பெஞ்சுப் பக்கமிருந்து இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா சார்" என்றாள் கடிகாரம்மா.