தகர ரயிலுக்கு வழி

ஸ்டேஷனில் நின்ற மாலை வண்டி மறுபடியும் கூவியது.

அரை மணி நேரமாக இதே கூத்து. ஸ்டேஷன் மாஸ்டர் தேவசிகாமணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பகல் வேலை முடிந்து, ராத்திரி டியூட்டிக்கு வந்த அம்மையப்பனிடம் ஸ்டேஷனை ஒப்படைத்துவிட்டு, பின்னாலேயே இருக்கும் வீட்டுக்கு வந்து காப்பியும் குடித்தாயிற்று. வண்டி மட்டும் நகர்ந்தபாடில்லை.

அம்மையப்பன் தூங்கிவிட்டானோ என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போன மாதம்தான் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு தப்பு நடந்தால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும்.

நல்ல வேளை, இப்போது மாட்டிக்கொண்டு முழிப்பது அம்மையப்பன்.

தரையில் தண்டவாளம் தயாராக இருந்தது. ராஜாவின் பட்டாபிஷேக வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு மிஷன் துரைசாணி கொடுத்த, சாவி முடுக்கும் தகர ரயில். மனைவி பாக்கியவதியின் நீலப் புடவைதான் தாமிரபரணி. இரண்டு செங்கல் பாலம். அடுக்களை வாசலில் அவள் உட்கார்ந்திருந்த இடம் முக்கூடல். நிஜத்தில் அவள் பிறந்த முக்கூடலுக்கு ரயில் கிடையாது. புருஷன் வீட்டில் உண்டு.

சட்டம் மட்டும் நிஜ ரயிலின் சட்டம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி முட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? ஸ்டேஷன் மெஷினிலிருந்து ஓர் இரும்பு உருண்டையை எடுத்து, தோல்பையில் போட்டு டிரைவரிடம் கொடுப்பார்கள். அது அடுத்த ஸ்டேஷன் மெஷினுக்குள் விழும்வரை வேறெந்த வண்டியும் கிளம்ப முடியாது.

வீட்டில் அந்த உருண்டைக்குப் பதில், கட்டில் காலிலிருந்து திருகி எடுத்த பித்தளைக் குமிழ். தொலையாமல் இருக்க, நேற்று ஆட்டம் முடிந்ததும் தேவசிகாமணி அதைத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுவைத்திருந்தார்.

டிரைவர் சாலோமிக்கு ஒன்பது வயது. கையை நீட்டினாள்.

வண்டி கூவியது. ஜன்னலைப் பார்த்தபடியே கோட்டுக்குள் கைவிட்டு, எடுத்ததைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

சாலோமி பையைத் திறந்து பார்த்தாள். "யப்பா, இது நம்ம குமிழ் இல்லியே!"

பாக்கியவதி வாங்கிப் பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இரும்பில் வெட்டியிருந்த இரண்டு ஸ்டேஷன் பெயர்களையும் வாய்விட்டு வாசித்தாள். முதல் பெயர் இந்த ஊருடையது.

தேவசிகாமணி கோட்டுப் பாக்கெட்டைத் துழாவினார்; காலி.

வேலையை ஒப்படைக்கக் கொஞ்சம் முன்னால் அனுப்பிய சரக்கு வண்டி. மெஷினிலிருந்து உருண்டையை எடுத்த கையோடு தந்தி மணி அடித்தது. உருண்டையைப் பாக்கெட்டில் போட்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தோல்பையில் போட்டார். டிரைவர் பழகிய மனுஷன். திறந்து பார்க்கவில்லை.

கட்டில் குமிழ் இந்நேரம் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜைமேல் இருக்கும்.

வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

சாலோமிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏதாவது ஒரு உருண்டையைத் தாங்கப்பா. வண்டி எம்புட்டு நேரம் நிக்கும்?"