'கூடாது'ன்னு ஒரு வார்த்தை

"'கூடாது'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதச் சொல்ல உனக்கு வாய் வரலையாலே?"

பாலசுப்பிரமணியன் போட்ட சத்தம் பேட்டையில் அந்தத் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மகன் குருபிரசாத் பெங்களூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். ராணுவ அதிகாரி வேலைக்கான தேர்வு. ஓட்டம், கயிறு ஏறுவது, எழுத்து என்று எல்லாவற்றிலும் முன்னால் நின்றவன், நேர்காணலில் தோற்றுத் திரும்பியிருந்தான்.

"பிள்ளை இன்னும் சட்டையைக்கூட மாத்தல. மொதல்ல காப்பி குடிக்கட்டும்," என்றாள் அம்மா பிரம்மநாயகி.

"குடிக்கட்டும். குடிச்சுட்டு என்ன சொல்லிட்டு வந்திருக்கான்னு நீயே கேளு."

குருபிரசாத் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"ஆம்பளையோட ஆம்பளையா சேந்து வாழுதவங்க, அத மறைக்காம பட்டாளத்துல இருக்கலாமான்னு அமெரிக்காவுல இப்ப பெரிய சண்டையா நடந்துட்டு இருக்கும்மா. பேப்பர்லகூட வந்துது. நம்ம பட்டாளத்துல அப்படி விடலாமான்னு அந்த ஆபீசர் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"தாராளமா இருக்கலாம்னேன்."

பிரம்மநாயகி அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"கேட்டியா? பட்டாளத்துக்காரன் முன்னால உக்காந்துட்டு இவரு நியாயம் பேசுதாரு!"

"அவரு விடலப்பா. பதுங்குகுழியில உன் பக்கத்துல அப்படி ஒருத்தன் இருந்தா என்ன செய்வேன்னாரு. எனக்கு அடிபட்டா தூக்கிட்டு வருவானா, போட்டுட்டு ஓடுவானா, அத மட்டுந்தான் பாப்பேன்னேன்."

"பெரிய தளபதி! ஊர் வம்பெல்லாம் நமக்கு எதுக்குலே? அவன் எதை எதிர்பாக்கானோ அதச் சொல்லிட்டு வேலையோட வர வேண்டியதுதான?"

"மனசுல இல்லாதத எப்படிப்பா சொல்ல? எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேரு..."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாலசுப்பிரமணியன் சட்டென்று கையைத் தூக்கி மகனை நிறுத்தினார்.

வந்தது அவருடைய தம்பி நமச்சிவாயமும், தம்பியின் கூட்டாளி தேவசிகாமணியும். இருவரும் ஒரே ரெஜிமெண்டில் ஹவில்தார்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். சீவலப்பேரியில் ஒரே வீடு, ஒரே வயல், ஒரே அடுப்பு. கல்யாணம் இரண்டு பேருக்குமே இல்லை. குருபிரசாத்துக்கு ஓடவும் கயிறு ஏறவும் பழக்கியது அவர்கள்தான்.

நமச்சிவாயத்துக்கு எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தில் குண்டு பாய்ந்த கால். படி ஏறும்போது தேவசிகாமணியின் கை அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டது.

"என்ன மருமவனே, எப்ப துப்பாக்கி தூக்கப் போறீரு?" என்றார் தேவசிகாமணி.

"கெடைக்கல மாமா."

நமச்சிவாயத்தின் முகம் வாடிவிட்டது. "நல்லாத்தான செஞ்சே? எதுல கோட்டை விட்டே?"

குருபிரசாத் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார்.

"ஏதோ இமயமலைக் கணவாய் பேரு கேட்டானுவளாம். இவனுக்குத் தெரியல. ஊர் சுத்திட்டுத் திரிஞ்சா எப்படித் தெரியும்?"

குருபிரசாத் நிமிர்ந்து பார்த்தான். அப்பா அவன் பக்கமே திரும்பவில்லை.

"இவ்வளவுதானா!" என்றார் தேவசிகாமணி. "அடுத்த தடவைக்கு நான் படம் போட்டே சொல்லித் தாரேன். அந்தக் கணவாய் பூரா இந்த மனுசன் மூட்டையையும் சேத்துத் தூக்கிட்டு நடந்தவன் நான்."

"பொய் சொல்லாதேயும் வே. என் மூட்டையை நீரு தூக்குனது ஒரே ஒரு தடவை. அதுவும் என்னையும் சேத்து."

பிரம்மநாயகி சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க. சொதிக் குழம்பு வச்சிருக்கேன்."

சாப்பாட்டுக்கு நடுவே, தேவசிகாமணி பேச்சை நிறுத்தாமலே சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நமச்சிவாயத்தின் இலை ஓரத்தில் வைத்தார். நமச்சிவாயம் தன் பங்கு உருளைக்கிழங்கை மெல்ல அவர் இலைக்குத் தள்ளிவிட்டார். பாலசுப்பிரமணியன் மோருக்காகத் திரும்பிக்கொண்டார்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பிப் போனதும், பாலசுப்பிரமணியன் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"ஏலே, தெரிஞ்சவங்க ரெண்டு பேருன்னு ஆரம்பிச்சியே. அத அங்கனயும் சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருன்னு கேட்டாரு. எந்த ரெஜிமெண்ட்னு கேட்டாரு. சொல்ல மாட்டேன்னுட்டேன். மறுபடியும் கேட்டாரு. வேலை போனாலும் பரவாயில்ல சார், பேரு மட்டும் கேக்காதீங்கன்னேன். அதோட எழுந்து போகச் சொல்லிட்டாரு."

பாலசுப்பிரமணியன் நாற்காலியை விட்டுவிட்டு மகன் பக்கம் வந்தார். அவன் தலையில் கை வைத்தார்.

"நல்ல காரியம் செஞ்சேலே. பேரு வெளிய வந்தா பென்சனுக்கு வேட்டு வச்சு, கேஸும் போட்டு, வயசான காலத்துல ரெண்டு பேரையும் பிரிச்சுருவானுவ."

குருபிரசாத் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா... அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"சொத்துல பங்கு போயிருமேன்னு கூடப்பொறந்தவனுக்குக் கல்யாணமே பண்ணி வைக்காத பாவின்னு சொந்தம் பூரா என்னை ஏசுதே, வந்த சம்பந்தத்தையெல்லாம் நான் எதுக்குலே வாசலோட திருப்பி அனுப்புனேன்?"