சலவைச் சட்டை

மாசிப் பட்டத்துக்குப் பவுனாத்தாள் கத்திரி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். புருசன் நாச்சிமுத்து செருப்பில் சேறு படாமல், சலவைச் சட்டையோடு வரப்பில் நின்று, "வரிசை கோணுது பாரு" என்றான். கல்யாணமான நாளாக அவன் பார்க்கிற வெள்ளாமை அது ஒன்றுதான்.

மறுநாள் அவன் வந்தபோது, கத்திரிக் காட்டின் நடுவே திருஷ்டி பொம்மை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது.

"என்ற சட்டைய எதுக்குடி அதுக்கு மாட்டி உட்ட?"

"அதாச்சும் பேசாம நிக்குதுங்க."

வெயில் உச்சிக்கு ஏறியதும் அவள் கையைக் கழுவிவிட்டு, வழக்கம்போல வட்டிலில் முதலில் அவனுக்குச் சோற்றைப் போட்டாள். அவன் வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் அந்தச் சோற்று வட்டிலை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி, ஒரு நாற்றையும் மிதிக்காமல், பொம்மையை நோக்கி நடந்தாள்.