ஆட்சேபம் உண்டு, இல்லை

"ரெண்டுல ஒண்ணு மேல வட்டம் போடுங்க" என்று பேனாவை நகர்த்தி வைத்தாள் அராகி.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஏழாம் மேசை அவளுடையது. வெளியே ஈரப்பனி.

படிவத்தில் வட்டம் போட இரண்டே தெரிவுகள். ஆட்சேபம் உண்டு. ஆட்சேபம் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த உமேனோ பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

இருபத்தொரு வருஷம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருந்துவிட்டு, போன மாதக் கடைசியில் வெளியே வந்தவள். வயது ஐம்பத்து நான்கு. முன்னால் கிடந்த அந்தப் படிவம், தொழிற்சாலை எழுதி அனுப்பிய விலகல் சான்று. மேலே, காரணத்துக்கான கட்டத்தில், 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்' என்றிருந்தது.

அதை ஒப்புக்கொண்டால் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆட்சேபித்து, அது நிலைத்தால், ஒரு வாரம் போதும்.

வீட்டில் மண்ணெண்ணெய்க் கணப்பை அவள் இப்போதெல்லாம் இருட்டிய பிறகுதான் ஏற்றுகிறாள். அதையும் படுப்பதற்கு வெகு முன்பே அணைத்துவிடுகிறாள்.

பக்கத்து மேசையில் ஒரு கிழத் தச்சர், "நான் தேடாம இல்லைம்மா. வேலைதான் என்னைக் கண்டா சந்துல திரும்பிடுது" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அராகி குரலைத் தாழ்த்தினாள். "எதுல போடணும்னு நான் சொல்லக் கூடாது, உமேனோ சான். என்ன நடந்துச்சுன்னு கேக்கலாம்."

நடந்தது அதிகமில்லை. முதலாளி கூப்பிட்டார். தன் கையாலேயே தேநீர் ஊற்றி வைத்தார். ஆர்டர் வருவதில்லை என்றார். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதையாக இருக்கும் என்றார். பிறகு எழுந்து நின்று தலை தாழ்த்தினார். உச்சி வழுக்கை தெரியும் அளவுக்குத் தாழ்த்தி, அப்படியே நின்றார்.

அவரை நிமிர வைக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அவளும் தாழ்த்தினாள்.

'சொந்தக் காரணங்களால்' என்று கடிதம் எழுதினாள். விலகல் கடிதத்தில் வேறெதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள்.

"குனிஞ்சு கும்பிட்டே வெளியே தள்ளியிருக்காரு" என்றாள் அராகி. சான்றைத் தன் பக்கம் திருப்பினாள். "இந்தக் கம்பெனித் தாள் வந்தாலே எனக்குத் தெரிஞ்சுடும். எட்டு வருஷமா ஒரே கையெழுத்து. அச்சடிச்ச மாதிரி, ஒரு அடித்தல் கிடையாது. அத்தனை பேருமே சொந்த விருப்பத்துல போனவங்களாம். பாவம், எல்லாரும் 'இல்லை'யிலதான் வட்டம் போட்டுட்டுப் போறாங்க. உக்காந்து எழுதறது யாரோ, அதுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கான்னு நினைப்பேன்."



தச்சர் எழுந்து போனார். அடுத்த எண்ணை அழைத்தார்கள். அதற்கடுத்த எண்ணையும் அழைத்தார்கள்.

உமேனோ தாளைத் தன் பக்கம் திருப்பி, 'உண்டு' மேல் வட்டம் போட்டாள். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது.

"நல்லது" என்று அராகி மூச்சு விட்டாள். "கீழ இருக்கிற கட்டத்துல உங்க தரப்புக் காரணத்தை எழுதுங்க. நாங்க கம்பெனியில விசாரிப்போம். அவங்க இல்லைன்னுதான் சொல்வாங்க. உள்ளே இருந்தவங்க யாராவது வாயைத் திறந்தாத்தான் உண்டு. அப்படி யாராவது..."

உமேனோ எழுதத் தொடங்கியிருந்தாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாம் ஒரே உயரம். எதுவும் கட்டத்தின் கோட்டைத் தொடவில்லை.

அராகியின் பேச்சு பாதியில் நின்றது.

மேல் கட்டத்தைப் பார்த்தாள். கீழ்க் கட்டத்தைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

கடைசி நாள் சாயங்காலம், அந்தப் படிவத்தை எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாததால், உமேனோ தன்னுடையதையும் தானே எழுதி, முத்திரை வைத்து, மேசையைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள்.

 அலுவலகக் கணப்பிலிருந்து சூடான காற்று வந்து தாளின் ஓரத்தைத் தூக்கியது. அராகி அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கட்டத்தில் இடம் தீர்ந்தது. உமேனோ நிமிரவில்லை.

"இன்னொரு தாள் குடுங்க" என்றாள். "நான் எழுதி அனுப்பின மத்த பதினாலு பேரையும் எழுதணும்."