முத்துநாயகத்தின் மறுப்பு

ஷகிலாவின் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு இயந்திரம் மறுபடியும் திருப்பி அனுப்பியது. அதிக மேற்கோள் பெற்ற ஒரு கட்டுரைக்கு அது முரணாக இருந்ததாம். அந்தக் கட்டுரையை இளம் வயதில் எழுதியவர் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர் முத்துநாயகம்தான். ஒரு துகளின் நிறையைக் கணக்கிடும்போது கழித்தல் குறி ஒன்றை அவர் தவறவிட்டிருந்தார். அதைக் கண்டுபிடித்ததுதான் ஷகிலாவின் ஆய்வு.

"இன்னியோட கெடு முடியுது சார். பட்டம் போனா வீட்டுல என்னன்னு சொல்றது?" என்றாள்.

முத்துநாயகம் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். "அதை எழுதினவன் நான்தான். அது தப்பு."

"நன்றி. மூல ஆசிரியரே குறிப்பிட்டதால் கட்டுரையின் மேற்கோள் மதிப்பு உயர்ந்துள்ளது," என்றது இயந்திரம்.

அவர் விரிவாக ஒரு மறுப்பு எழுதி அனுப்பினார். அதுவும் மேற்கோளாகச் சேர்ந்துகொண்டது. சக பேராசிரியர்கள் மறுப்பை ஆதரித்து எழுதியபோது மதிப்பு இன்னும் ஏறியது.

"யோவ், நான் முட்டாள்யா! கழிக்கத் தெரியாதவன்!" என்று கத்தினார்.

"வாழ்த்துகள். தங்கள் கட்டுரை இன்றுமுதல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அதற்கு முரணான ஆய்வேடுகள் இனி ஏற்கப்படமாட்டா."

முத்துநாயகம் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"போதும் சார், பேசாதீங்க," என்று ஷகிலா, ஆசிரியர் என்பதையும் மறந்து, அவர் வாயைப் பொத்தினாள். அவர் அந்தக் கையை விலக்கவில்லை.