பி.பி. நம்பர்

“கம்பெனியில ஓ.டி. போட்டிருக்காங்கம்மா. ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டேங்கிறாங்க. சாயங்காலம்தான் வருவான்.”

விங் கமாண்டர் ஏசுவடியான் ரிசீவரில் கணீரென்று பொய் சொன்னார். முப்பது வருடம் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், மேலதிகாரிகளிடமே முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிய மனுஷன். அவர்தான் இப்போது சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நிற்கும் அன்னக்கிளியிடம், அவள் மகனைப் பற்றி எட்டு வாரமாகப் புளுகிக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும் சார், வேலைதான முக்கியம். நல்லாச் சாப்பிடுதானா?”

“அதெல்லாம் நல்லாச் சாப்பிடறான். ஒரு சுத்துப் பெருத்துட்டான்.”

“ஆமா சார், பெருத்துத்தான் போனான்” என்று சிரித்தாள் அன்னக்கிளி. “நீங்க சாப்ட்டீகளா? இன்னைக்கும் அந்தக் காஞ்ச ரொட்டிதானா?”

பாவம், சொன்னதையெல்லாம் அப்படியே நம்புகிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

செல்போனெல்லாம் பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம் அது. படப்பை தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில், அவர் தெருவிலேயே போன் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். பிள்ளை குட்டி கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமும் கிடையாது.

சும்மா உட்கார முடியாமல், லாரியில் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தன் வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் அத்தனை பேருக்கும் தன் நம்பரை பி.பி. நம்பராகக் கொடுத்தார். யாருக்கு ஊரிலிருந்து போன் வந்தாலும் அறைக்கே நடந்துபோய்க் கூட்டிவருவார்.

“நாளெல்லாம் மணி அடிக்குதும்மா. எனக்குன்னு ஒரு ராங் நம்பர்கூட வர்றதில்ல” என்று ஒருமுறை அன்னக்கிளியிடமே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. அன்னக்கிளி “சார்...” என்று வாயெடுத்ததுமே, வழக்கம்போல “பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்கம்மா, கூட்டிட்டு வந்துடறேன்” என்று டக்கென்று வைத்துவிட்டு, அவள் மகன் சக்திகுமாரின் அறைக்கு ஓடினார். வாசலில் வீட்டுக்காரர் ராஜாமணி பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

“அவன் நேத்தே ரூமைக் காலி பண்ணிக்கினு பூட்டான் சார். எங்க போறேன்னு ஒரு வார்த்த சொல்லல. கூட கீற பசங்களுக்கே தெரியல.”

ரெண்டு நாளில் எங்கேயாவது தென்படுவான் என்ற தைரியத்தில்தான் முதல் பொய்யைச் சொன்னார். தென்படவில்லை. கம்பெனி கேட், ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுகள், வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு, கடைசியில் ஆஸ்பத்திரிப் பிணவறை வரைக்கும் ஏறி இறங்கிவிட்டார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் என்று எட்டு வாரம் ஓடியே போய்விட்டது.

உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் உடைந்துபோவாள். அதோடு இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் நின்றுபோகும். இரண்டாவதை நினைத்ததற்காக அவர் தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டார்.

நேற்று சங்கரன்கோவிலுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். அவர் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் போனில் சொல்லக் கூடாது, அதிகாரி நேரில் போய் நிற்கவேண்டும். அப்படி ஆறு வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அந்த ஆறு தாய்மாரின் அலறலும் இன்னும் அவர் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

“அன்னக்கிளியம்மா, நான் நாளைக்கு உங்க ஊருக்குக் கிளம்பி வர்றேன்.”

“என்ன சார் திடீர்னு?” அவள் குரல் பதறியது. “உங்களுக்கு உடம்புக்கு எதுவும் முடியலையா?”

அட கடவுளே, இப்போதும் என்னைப் பற்றித்தான் கேட்கிறாளா! அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வழக்கமாவது ஒன்றாவது.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. சக்தி இங்க இல்ல. ரெண்டு மாசமா எங்க இருக்கான்னே தெரியல. ஓ.டி., சாப்பாடு, நான் சொன்னது அத்தனையும் பொய். என்னை மன்னிச்சிருங்க.”

விசும்பலோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏழாவது அலறலுக்குக் காத்திருந்தார்.

அலறல் வரவில்லை. எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“அழாதீக சார். அவன் எம்பக்கத்துலதான் நிக்கான். வேலையை விட்டு நிறுத்திட்டாகன்னு வெக்கப்பட்டு, சொல்லாமக் கொள்ளாம ஓடியாந்துட்டான். அதைச் சொல்லத்தான் அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணுனேன். முழுசாக் கேக்காம வச்சுட்டீக. மறுபடி பண்ணுனா, அவன் ஓ.டி.யில இருக்கான்னு சொல்லுதீக. உங்களப் பொய்யனாக்க எனக்கு மனசு வரல.”

ஏசுவடியான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையன் உயிரோடு இருக்கிறான். சந்தோஷப்படுவதா, பிணவறை வாசலில் தான் நின்ற நேரத்தை நினைத்துக் கோபப்படுவதா என்றே தெரியவில்லை.

“வீட்டுலயே பையனை வச்சுக்கிட்டு, அப்புறம் வாராவாரம் எதுக்கும்மா போன் பண்ணினீங்க?”

அன்னக்கிளியின் குரல் தணிந்தது.

“உங்களுக்குன்னு வேற யாரு சார் பண்ணுதா?”