சந்தியில் நின்ற புள்ளி

என்ர மனுசனுக்கு ரோசமே இல்லையோ எண்டு எனக்கு ஒரே வயித்தெரிச்சல்.

போன மாசம் நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரியில கிடந்தவர். ஊரே வந்து பார்த்தது. இவரின்ர பழைய கூட்டாளி, கிண்ணியா ஸஹாப்தீன் நானா மட்டும் எட்டிப் பார்க்கேல்ல.

"அந்த ஆளுக்காக ஏன் இந்தப் பெட்டியை இரவு பகலா ஓட விட்டிருக்கிறீங்கள்?" எண்டு கேட்டன்.

"பெட்டி எல்லாருக்கும் பொது, யசோ."

எல்லாருக்குமாம். ரெண்டு பேருக்கும் ஹாம் ரேடியோப் பைத்தியம். நானாவின்ர மோட்டார் சைக்கிள்ல இருக்கிற சின்ன ரேடியோ, ஆள் எங்க நிக்கிறார் எண்டு சொல்லிக்கொண்டே போகும். லிங்கநகர்ல எங்கட மாடி அன்ரனா அதைப் பிடிக்க, இந்தப் பெட்டி இன்டர்நெட்டில ஏத்தும். மேப்பில ஒரு புள்ளி ஊரும். பிடிச்ச வீட்டுக்காரரின்ர பேரும் அதோட தெரியும். இந்தப் பக்கத்தில பிடிக்கிறது எங்கட வீடு மட்டும். வாற புள்ளியும் நானாவின்ர மட்டும்.

முந்திப் பாலம் இல்லாத காலத்தில, படகுப்பாதையில கடந்து தயிர்ச்சட்டியோட வருவார். ரெண்டு பேரும் மாடிக்கு ஏறினா, சோத்துக்குக் கூப்பிட்டாலும் இறங்கமாட்டினம். நான் பேசாத பேச்சில்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தை ஒருக்காக் கேட்கமாட்டனோ எண்டு கிடக்கு. இப்ப பாலம் இருக்கு, ஆளைத்தான் காணேல்ல.

என்ன பெரிய சண்டை? எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, ரேடியோவில இவர், "உமக்கு ஒரு வயர் ஒழுங்காப் பூட்டத் தெரியாது" எண்டிட்டார். தனியச் சொல்லியிருந்தா நானா சிரிச்சிருப்பார். மூண்டு வருசமாக் கதை இல்லை.

ஒரு பின்னேரம் கொம்பியூட்டரை எட்டிப் பார்த்தன். புள்ளி பாலம் கடந்து, எங்கட சந்திக்கு வந்து நிண்டுது. இவர் எழும்பிச் சேட்டைப் போட்டு, சீப்பால தலை இழுத்து, வாசல் கதவையும் திறந்து வைச்சிட்டு இருந்தார்.

கொஞ்ச நேரத்தால புள்ளி திரும்பிப் போச்சு. இவர் சேட்டைக் கழட்டினார்.

"ஒவ்வொரு நாளும் இதுதானோ?"

"வேர்க்குது" எண்டார்.

எனக்கு அழுகை வந்திட்டு.

அடுத்த நாளும் புள்ளி சந்திக்கு வந்துது. இவர் சேட்டை எடுக்க அறைக்குள்ள போனார். நான் மேசைக்குக் கீழ கூட்டிக்கொண்டு நிண்டனான். பெட்டி லைட் அணைஞ்சு போச்சு.

"அன்ரனாவிலதான் பிழை" எண்டு இவர் மாடிக்கு ஏற வெளிக்கிட்டார். நெஞ்சு நோக்காரன், விடுவனோ? மறிச்சுக்கொண்டு நிக்கேக்க கேற்றில தட்டுற சத்தம்.

"தங்கச்சி, கதிரவேலுக்கு என்ன?"

நானா ஹெல்மெட்டும் கழட்டேல்ல. மோட்டார் சைக்கிள் ஹான்டிலில தயிர்ச்சட்டி தொங்குது.

"ஃபோனைப் பார்த்துக்கொண்டு சந்தியில நிண்டனான். அவர்ட பேர் வரேல்ல. திரும்ப நெஞ்சு நோவோ எண்டு பயந்திட்டன். ஆஸ்பத்திரிக்கும் வந்தனான் தங்கச்சி, உள்ளுக்கு வர மனம் ஏவேல்ல. வாசலோட திரும்பிட்டன்."

இவர் சேட் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு வந்து நிண்டார்.

"எனக்கொண்டுமில்லை. பெட்டிக்குத்தான் சுகமில்லை" எண்டார். பிறகு குரல் இறங்கிச்சு. "ஒருக்காப் பாரும். எனக்குத்தான் வயர் பூட்டத் தெரியாது."

நானா வந்து மேசைக்குக் கீழ குனிஞ்சார்.

அங்க, நான் கழட்டிவிட்ட பிளக் கிடந்தது.

அதைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சீலைத் தலைப்பால வாயைப் பொத்தினன்.

பிளக்கைக் காலால இன்னும் மூலைக்குத் தள்ளிவிட்டிட்டு, நானா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"மச்சான், இது லேசான பிழை இல்லை. இண்டைக்குத் திருத்த ஏலாது. நாளைக்கும் வரோணும்."